தலைமுறையும் வளர்ப்பும்: திருவனந்தபுரத்துத் தமிழ்க் கவிஞர்கள்



நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயற்குழுவினர் பணித்தனர். நாம் புலவர் பட்டம் பெற்றோம் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு கல்வியை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரயில்வேயில் எழுத்தராக உழைத்து வருகிறோம். பார்சல் கணக்கும் வாடகைச் சீட்டும் எழுதிப் பழகிய கைக்குக் கவிதையின் வரலாறு பெருஞ்சுமையே. எனினும், சென்ற ஆண்டு விழாவில் நிகழ்ந்த ஒன்று நம் நெஞ்சை இன்றளவும் உறுத்திக்கொண்டிருத்தலால், இச்சுமையை விரும்பியே ஏற்றுக்கொண்டோம்.

சென்ற ஆண்டு மாணவர் கவிதைப் போட்டிக்கு நடுவர் மூவருள் நாமும் ஒருவர். 'தமிழின் பெருமை' என்பது தலைப்பு. பிள்ளைகள் பலர் எதுகை மோனை அமையப் பாடி வந்தனர். நம் காலனிச் சிறுமி ஒருத்தி மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தாள். அவளுடைய பாட்டி செங்கோட்டையில் இருக்கிறார். பேத்தி தொலைபேசியில் பேசும்போது இடையிடையே மலையாளச் சொல் வந்து விழுகிறது, பாட்டிக்குப் புரிவதில்லை, 'ஆகட்டும்' என்று மட்டும் சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார். இதுவே அவள் எழுதியது. யாப்பு இல்லை, தமிழ்த்தாய்க்கு வாழ்த்தும் இல்லை. தாளின் மறுபுறம் பார்த்தபோது, அவள் முதலில் மலையாள எழுத்திலே தமிழை எழுதி, பின்னர்த் தமிழ் எழுத்திற்கு மாற்றியிருந்தது தெரிந்தது. "இது கவிதையன்று" என்று நாம் தீர்ப்புரைத்தோம். மற்ற இருவரும் உடன்பட்டனர். அந்தத் தாள் கோப்பினுள் போயிற்று. அச்சிறுமி அதன் பின் சங்கத்துப் பக்கம் வரவில்லை.

நாம் செய்தது சரியா? ஒருவர் பிறந்த காலமும் வளர்ந்த வீடும் அவர் பாட்டிற்குள் எவ்வாறு புகுகின்றன? இவ்வினாக்களுக்கு விடை தேடி, நம் ஊரின் கதையையே புரட்டிப் பார்த்தோம். கண்டவற்றை ஈண்டு தருகிறோம்.

ஊரும் தமிழும்

திருவனந்தபுரத்தில் தமிழ் நேற்று வந்தேறியது அன்று. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியிற் கூறப்பெறும் காந்தளூர்ச்சாலை, இந்நகரின் வலியசாலைப் பகுதியே என்பது ஆய்வாளர் பலரின் கொள்கை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராசா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை அமைத்தார். அத்தெருவில் இன்றும் தமிழ் பேசி அரிசியும் பாத்திரமும் வாங்கலாம்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. தோவாளையும் அகத்தீசுவரமும், கல்குளமும் விளவங்கோடும் இவ்வூரையே தலைநகராகக் கொண்டிருந்தன. படிக்கவும் வேலை தேடவும் வழக்காடவும் நாஞ்சில் நாட்டார் இங்கே வந்தனர். அந்நாளில் அவர்கள் இங்குப் பிறநாட்டார் அல்லர், இந்நாட்டின் குடிகள். மொழிவழி மாநிலம் பிறந்த அன்று அந்நான்கு வட்டங்களும் குமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நகரத்தில் இருந்த தமிழர் இருந்த இடத்திலேயே இருந்தனர். ஆனால் ஒரே நாளில் சிறுபான்மையினர் ஆயினர்.

நம் தொழிலையொட்டி ஒரு செய்தியும் சொல்லலாம். கொல்லத்திலிருந்து புனலூர் வழியாகச் செங்கோட்டைக்கு மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது 1904-இல். அது திருவனந்தபுரத்தை எட்டியது 1918-இல். தம்பானூருக்கு வந்தது 1931-இல். அண்மையிலுள்ள நாகர்கோவிலுக்கோ 1979 வரை இரயில் இல்லை. ஆக, தெற்கேயிருந்து வந்த தமிழர் வண்டியிலும் பஸ்ஸிலும் வந்தனர். கிழக்கேயிருந்து வந்தவர் மலையைக் குடைந்த பாதையில் இரயிலேறி வந்தனர். இவ்விரு வழியாலும் வந்த குடும்பங்களிலிருந்தும், இங்கேயே வேரூன்றிய குடும்பங்களிலிருந்தும் இவ்வூரின் தமிழ் எழுத்து கிளைத்தது.

முதல் தலைமுறை: பேராசிரியர் சுந்தரம் பிள்ளை

பெ. சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையில் பிறந்தார். தந்தையார் பெருமாள் பிள்ளை, தாயார் மாடத்தி அம்மாள். வீட்டில் சைவமும் தேவாரமும் கேட்டு வளர்ந்தவர்; நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் பயின்றவர். பின்னர் மகாராஜா கல்லூரியில் மேனாட்டுத் தத்துவம் கற்று, அங்கேயே பேராசிரியராகவும் அமர்ந்தார். கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளை ஞானாசிரியராகக் கொண்ட அவரே, தமக்குத் தத்துவம் கற்பித்த இராபர்ட் ஹார்வி என்னும் ஆங்கிலப் பேராசிரியரின் பெயரைத் தம் இல்லத்திற்குச் சூட்டி, 'ஹார்விபுரம்' என வழங்கினார். இப்பெயர் ஒன்றே அவருடைய வளர்ப்பின் இருபுறத்தையும் காட்டிவிடும். ஒருபுறம் மடமும் ஓதுவார் பண்ணும். மறுபுறம் கல்லூரியும் ஆங்கில நூலும்.

அவர் 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' என்னும் கவிதை நாடகம் இவ்விரண்டின் சேர்க்கையே. கதைக்கு வித்து லிட்டன் பிரபு என்னும் ஆங்கிலேயர் எழுதிய கதை. நாடகத்தை அங்கமும் களமுமாகப் பகுத்த முறையும் மேனாட்டுமுறை. ஆனால் நடப்பதோ பெரும்பாலும் ஆசிரியப்பா. உள்ளே ஊடாடுவதோ சைவத் தத்துவம். அவருக்கு முந்திய தலைமுறைப் புலவர்க்கு இது தோன்றியிராது. அவர்கள் தலபுராணமும் அந்தாதியும் பாடினர். அவருக்குப் பிந்திய தலைமுறையோ ஆசிரியப்பாவையே விட்டு விலகிற்று. இடைப்பட்ட காலத்தில் பிறந்தமையால் இரண்டையும் ஒரு கையில் பிடிக்க அவரால் இயன்றது.

அந்நூலின் முகப்பில் அமைந்த தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியே 1970-இல் தமிழக அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பட்டது. முழுப் பாட்டில் மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு ஆகியவற்றைத் தமிழின் வயிற்றுதித்த மொழிகளாகக் கவிஞர் பாடியிருந்தார். அரசு கொண்ட பகுதியில் அவ்வடிகள் இடம்பெறவில்லை. பல மொழிகள் ஒலிக்கும் அரசில் பிறந்து வளர்ந்தவர் என்பதனால், பிறமொழிகளை அயலாராக அன்றி உறவினராக அவர் நினைத்தார் எனக் கொள்ளலாம். தமிழகத்து நடுவூரில் பிறந்திருந்தால் இந்நினைவு இத்துணை எளிதில் எழுந்திருக்குமா என்பது ஐயமே. 1897-இல், நாற்பத்திரண்டாம் வயதிலேயே, அப்பெருந்தகை மறைந்தார்.

இரண்டாம் தலைமுறை: கவிமணி

நாஞ்சில் நாட்டுத் தேரூரில் 1876-இல் பிறந்தவர் தேசிகவிநாயகம் பிள்ளை. ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்தார். திருவிதாங்கூர்ப் பள்ளியாதலின் மலையாளம் கற்க நேர்ந்தது. திருவாவடுதுறை மடத்தைச் சேர்ந்த சாந்தலிங்கத் தம்பிரான் என்பவரே அவருக்குத் தமிழமுது ஊட்டினார். நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் கற்கின்றனரே என்று வருந்தும் பெற்றோர் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பள்ளியில் மலையாளம், மடத்தில் தமிழ் என்று வளர்ந்த பிள்ளையே பிற்காலத்தில் கவிமணி ஆனார்.

அவர் கல்லூரிப் பேராசிரியராகத் தொடங்கியவர் அல்லர், பள்ளி ஆசிரியர். கோட்டாற்றிலும் நாகர்கோவிலிலும், பின்னர் இத்திருவனந்தபுரத்து மகளிர் கல்லூரியிலும், முப்பத்தாறு ஆண்டுகள் கற்பித்து 1931-இல் ஓய்வு பெற்றார். நாள்தோறும் பிள்ளைகள் முன் நின்றவர் எதிரிலுள்ள குழந்தைக்கு விளங்காத சொல்லைச் சொல்லார். அவர் பாட்டின் எளிமை எங்கிருந்து வந்தது எனக் கேட்போர்க்கு வகுப்பறையிலிருந்து வந்தது என்றே நாம் விடை கூறுவோம். குழந்தைகளுக்கென அவர் பாடிய பாடல்கள் 1938-இல் வெளிவந்த 'மலரும் மாலையும்' என்னும் தொகுதியில் இடம் பெற்றன.

வளர்ப்பு அவர் எழுத்தில் ஆழப் பதிந்த இடம் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'. அந்நாளில் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் தாயம் நிலவியது. ஒருவர் தேடிய பொருள் அவர் மக்களுக்குச் செல்லாது. உடன்பிறந்தாள் மக்களுக்கே செல்லும். காரணவர் கண்மூடினால் மனைவியும் மக்களும் தெருவில் நிற்பர். இக்கொடுமையை, காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் வாயாலே சொல்வதாகக் கவிமணி நகைச்சுவை ததும்பப் பாடினார். இவ்வூரிலிருந்து வெளிவந்த 'தமிழன்' இதழில் 1916 முதல் 1918 வரை அது தொடர்ந்து வெளிவந்தது. தாமே அம்முறையினுள் பிறந்து வளர்ந்தவராதலின், சமையலறைப் பேச்சும் வழக்குமன்ற அலைச்சலும் அவருக்குப் பாடமாகவே இருந்தன. வெளியூர்ப் புலவர் ஒருவர் அதனை எழுதியிருக்க முடியாது. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கெனத் திருவிதாங்கூர் அரசு தனிச்சட்டம் இயற்றி, அத்தாய முறையின் கட்டைத் தளர்த்தியது. சட்டம் பலருடைய உழைப்பின் பயன்; அதற்கு ஊரின் மனத்தைப் பண்படுத்தியவற்றுள் இப்பாட்டும் ஒன்று.

ஈண்டு ஒரு தடை எழலாம். தலைமுறையே கவிஞரை ஆக்குகின்றது எனின், ஒரே தலைமுறையினர் ஒன்றுபோலப் பாட வேண்டுமன்றோ? பாரதியார் பிறந்தது 1882-இல். கவிமணிக்கு ஆறே ஆண்டு இளையவர். இருவரும் தென்கோடித் தமிழர். ஆயினும் எட்டயபுரத்து அரண்மனையின் அருகிலும், காசியிலும், பத்திரிகை அலுவலகத்திலும், 1908 முதல் பத்தாண்டுகள் புதுவையில் அடைக்கலமாகவும் வாழ்ந்தவர் பாட்டில் நெருப்பு எரிந்தது. தேரூர் வயலும் பள்ளிக்கூடமும் கண்டவர் பாட்டில் தண்ணீர் ஓடிற்று. காலம் ஒன்று, வளர்ப்பு வேறு. ஆகவே தலைமுறை மட்டும் போதாது. வளர்ப்பையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மூன்றாம் தலைமுறை: புதுக்கவிஞர்

1954-இல் கவிமணி மறைந்தார்; 1956-இல் நாஞ்சில் நாடு பிரிந்தது. இந்நகரின் தமிழ் எழுத்தில் புதியதொரு குரல் கேட்கத் தொடங்கியது அதன் பின்னரே.

புதுக்கவிதை இவ்வூரில் பிறந்ததன்று. கும்பகோணத்தைச் சேர்ந்த ந. பிச்சமூர்த்தி 1934-இல் 'மணிக்கொடி'யில் எழுதிய 'காதல்' என்னும் கவிதையையே அதன் தொடக்கமாகக் கொள்வர். அம்முயற்சி இடையில் தளர்ந்தது. சி. சு. செல்லப்பா 1959-இல் சென்னையில் 'எழுத்து' என்னும் சிற்றேட்டைத் தொடங்கி, அதற்கு உயிரூட்டினார். 1962-இல் இருபத்து நான்கு கவிஞரின் அறுபத்து மூன்று கவிதைகளைத் திரட்டிப் 'புதுக்குரல்கள்' எனத் தொகுதியாக்கினார். 'இது கவிதையன்று' என அந்நாளில் பண்டிதர் பலர் கூறினர். நாம் சென்ற ஆண்டு கூறிய அதே சொல்லை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே பிறர் கூறிவிட்டனர் என்று அறிந்தபோது நமக்கு நாணமே மிஞ்சியது.

'எழுத்து' ஏட்டிற்குத் திருவனந்தபுரத்திலிருந்து எழுதியவருள் தலையாயவர் நகுலன். இயற்பெயர் டி. கே. துரைசாமி. 1921-இல் கும்பகோணத்தில் பிறந்து, இளமையிலேயே இவ்வூருக்கு வந்தவர். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார், ஆங்கிலத்திலும் எழுதினார். மணம் புரியாது, கவடியார்ப் பகுதியில் தம் இல்லத்தில் தனித்து வாழ்ந்து, 2007-இல் மறைந்தார். அவருடைய வளர்ப்பை எண்ணிப் பாருங்கள். பிறந்த ஊர் காவிரிக்கரை, வளர்ந்த ஊர் மலையாள நாடு, பிழைப்புக்கு ஆங்கிலம், வீட்டுக்குத் தமிழ். கேட்போர் கூட்டம் எதிரில் இல்லை. படிப்போர் சிலர் எங்கோ தொலைவில், அஞ்சலில் வரும் சிற்றேட்டின் மறுமுனையில். சபையில் பாடுபவனுக்கு ஓசை வேண்டும். தன்னோடு தானே பேசுகிறவனுக்கு ஓசை எதற்கு? அவர் கவிதை ஓசையைத் துறந்து, சிறு சொற்களால், நினைவையும் தனிமையையும் இறப்பையும் பேசியது இதனாலேயே எனலாம். 1981-இல் வந்த 'கோட்ஸ்டாண்ட் கவிதைகள்' என்னும் தொகுதியின் பெயரைப் பாருங்கள்! சுந்தரம் பிள்ளை தலைமுறை தமிழைத் தெய்வமாக்கிப் பாடிற்று. இத்தலைமுறை சட்டை மாட்டும் கோலைப் பாடுபொருளாக்கிற்று. அது இறக்கம் என்று நாம் முன்னர் எண்ணினோம். அவரவர் வாழ்ந்த வீட்டில் இருந்ததை அவரவர் பாடினர் என்று இப்பொழுது எண்ணுகிறோம்.

அதே ஊரில், அதே ஏட்டில் எழுதிய சண்முக சுப்பையாவின் கவிதை வேறு வகை. நாள்தோறும் குடும்பத்தில் நிகழ்வனவற்றைச் சில வரிகளில் எள்ளலோடு சொல்லி முடிப்பவர் அவர். குழந்தைகளுக்கும் பாடியவர்.

நீல பத்மநாபன் 1938-இல் இந்நகரிலேயே பிறந்தவர்; மின்வாரியத்தில் பொறியாளராகப் பணிபுரிந்தவர். கவிதையும் எழுதினார், எனினும் அவர் புகழை நிறுத்தியது 1968-இல் வந்த நாவல். அதன் பெயரே 'தலைமுறைகள்'. தம் முன்னோர் வாழ்ந்த இரணியல் வட்டாரத்துப் பேச்சுத்தமிழை அப்படியே ஏட்டில் ஏற்றினார். அவர் ஐயப்பப் பணிக்கரின் மலையாளக் கவிதைகளைத் தமிழாக்கிச் சாகித்திய அக்காதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் பெற்றார்.

ஐயப்பப் பணிக்கரும் இந்நகரத்தவரே. அவர் 1960-இல் வெளியிட்ட 'குருக்ஷேத்திரம்' என்னும் கவிதை மலையாளத்தில் புதுநெறியைத் திறந்தது. 1968-இல் நகுலன் இவ்வூர் எழுத்தாளர் பலரின் படைப்புகளைத் திரட்டித் தம் பொறுப்பில் ஒரு தொகுதி வெளியிட்டார். அதன் பெயரும் 'குருக்ஷேத்திரம்'. எலியட் என்னும் ஆங்கிலக் கவிஞர் 1922-இல் வெளியிட்ட 'பாழ்நிலம்' இருமொழிக் கவிஞரையும் தொட்டிருந்தது. ஒரே நகரம், ஒரே தலைமுறை, ஒரே வகைக் கல்வி. மொழி மட்டும் இரண்டு. இரண்டிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பழைய யாப்பு நெகிழ்ந்தது. தலைமுறையின் வன்மையை இதனினும் தெளிவாகக் காட்டச் சான்று வேண்டுவதில்லை.

கவிஞர் அல்லரேனும் ஆ. மாதவனை ஈண்டுக் கூறாது விடுதல் தகாது. 1934-இல் இங்கே பிறந்த அவர் பள்ளியில் கற்றது மலையாளம். தமிழைத் தம் முயற்சியால் கற்றார். கல்லூரிப் படி ஏறாமல், சாலைத் தெருவில் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மாந்தரைக் கதையாக்கினார். 2015-இல் சாகித்திய அக்காதெமி அவரைத் தேடி வந்து பரிசளித்தது. 2021-இல் மறைந்தார்.

நாம் அறிந்துகொண்டது

இவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று செய்திகள் புலனாகின்றன.

தலைமுறை கவிஞனுக்கு வடிவத்தைத் தருகிறது. ஆசிரியப்பாவா, சிந்தா, யாப்பற்ற வரியா என்பதைப் பெரிதும் அவன் பிறந்த காலமே முடிவு செய்கிறது. வளர்ப்போ பொருளைத் தருகிறது. மடமும் கல்லூரியும், காரணவர் வீடும், தனித்த அறையும், கடைத்தெருவும் பாட்டினுள் புகுந்த வகையை மேலே கண்டோம். இவ்விரண்டும் தந்த பின்னரும் ஒன்று எஞ்சி நிற்கிறது. அது கவிஞன் தானே தேர்ந்துகொள்வது. 1900-இல் பிறந்து, பாரதியின் சந்தங்கேட்டு வளர்ந்த பிச்சமூர்த்தி, தம் தலைமுறையினர் பலர் செல்லாத வழியில் துணிந்து சென்றார். நகுலனும் சண்முக சுப்பையாவும் ஒரே தெருக்களில் நடந்தும் ஒன்றுபோல எழுதவில்லை. வளர்ப்பு நிலத்தைப் போன்றது, விதை வேறு.

நம் தொழிலிலிருந்து ஓர் உவமை கூற அனுமதி தருக. கொல்லத்திலிருந்து இவ்வூருக்கு வந்த மீட்டர் கேஜ் பாதையை 1976-இல் அகலப் பாதையாக்கினர். செங்கோட்டை மலைப்பாதை முற்றும் அகலமாகியது 2018-இல். தண்டவாளத்தின் அளவு மாறிற்று, பெட்டி மாறிற்று, வேகமும் மாறிற்று. ஆனால் வண்டி சென்று சேரும் செங்கோட்டை அதே செங்கோட்டைதான். ஏறுகிறவரும் பாட்டியைப் பார்க்கப் போகும் பேத்தியரே. யாப்பின் அளவு மாறியதைக் கண்டு கவிதையே போயிற்று எனக் கலங்குவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு விண்ணப்பம்

இனி, கோப்பினுள் போன அந்தத் தாளுக்கு வருவோம். இக்கட்டுரைக்கெனப் படித்த நாட்களில் அதனை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். மலையாள எழுத்தில் தமிழ் எழுதிய அக்கை, தமிழை விட்டுவிட்ட கை அன்று. கிடைத்த எழுத்தைக்கொண்டாவது தமிழைப் பற்றிக்கொண்ட கை. தேரூர்ச் சிறுவன் மடத்துக்கு நடந்ததும், சாலைத் தெரு இளைஞர் தாமே தமிழ் கற்றதும் இந்த வகையைச் சேர்ந்தனவே. நாம் கேட்டது தமிழின் பெருமையை. அவள் சொன்னது தமிழ் தன் வீட்டில் தேய்ந்து வரும் துயரத்தை. பாட்டி 'ஆகட்டும்' என்று பேச்சை முடித்த அந்த இடம் நம்மில் பலர் வீட்டிலும் உண்டு. தமிழைக் குறித்துச் சென்ற ஆண்டு நம் மேடையில் சொல்லப்பெற்றவற்றுள் உண்மையானது அதுவே. அதனை யாம் தள்ளினோம்.

பெற்றோர்க்கும் சங்கத்தார்க்கும் மூன்று வேண்டுகோள் விடுக்கிறோம். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரமேனும் நம் காலனியில் தமிழ் எழுத்துப் பயிற்சி நடத்துவோம். முதல் வகுப்பை எடுக்க நாமே முன்வருகிறோம். கவிதைப் போட்டியில் மரபுக்கு ஒன்றும் புதுமைக்கு ஒன்றுமாக இரு பரிசுகள் வைப்போம். புகழ்ச்சித் தலைப்பையே ஆண்டுதோறும் கொடுக்காமல், பிள்ளைகள் தம் வீட்டையும் தெருவையும் எழுத இடமளிப்போம். கவிமணியைப் படித்துக் காட்டுவதோடு நகுலனையும் சண்முக சுப்பையாவையும் அவர்களுக்கு அறிமுகம் செய்வோம். மரபை அறியாது எழுதுவது வேரற்ற மரம் என்பதையும் அன்போடு சொல்லித் தருவோம்.

அச்சிறுமியின் இல்லத்திற்குச் சென்ற கிழமை நாம் சென்றோம். நடுவராகத் தவறு செய்தோம் என்பதை அவள் பெற்றோர் முன்னிலையில் கூறித் தாளைத் திருப்பிக் கொடுத்தோம். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல ரெண்டு எழுத்துப் பிழை இருக்கு. திருத்தித் தரட்டுமா?" என்று கேட்டாள். திருத்தியும் தந்தாள். அவள் இசைவோடு அக்கவிதையை இம்மலரிலேயே வெளியிடுமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொண்டுள்ளோம். அன்பர்கள் படித்துத் தீர்ப்பளிக்க.

வாழ்க தமிழ்! வளர்க நம் இளந்தலைமுறை!